கற்கும் பாணியும் கற்பிக்கும் கருவியும்

எங்கள் கல்லூரியில் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படித்த மாணவர் ஒருவர், எக்ஸ்-கதிர்க் கருவிகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பினார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். பாடத்தில் நல்ல தேர்ச்சி உடையவர். "எப்படி நடந்தது?" என்று கேட்டேன்.

"ஒரு கேள்விதான் சார் புரியவில்லை. எக்ஸ்-கதிர் அறையின் சுவரைப் பற்றி என்னவோ 'லெட்' 'லெட்' என்று கேட்டார்கள். 'லெட்' என்றால் 'விடு' என்றுதானே பொருள்? எதை விடுவது என்று தெரியாமல் விழித்தேன்" என்றார்.

அவர்கள் கேட்டது ஈயத்தைப் பற்றி! ஈயத்தின் அணு எண் 82 என்பதும், அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் என்பதும், அது எக்ஸ்-கதிர்களை நன்கு தடுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தில் காட்டியிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பார். ஆனால் அவர் அதை 'லீட்' என்றே மனத்துக்குள் படித்து வந்திருக்கிறார். நான்கு எழுத்துக்கள் கொண்ட அச்சொல், 'வழிநடத்து' என்று பொருள்படும்போது 'லீட்' என ஒலிக்கும். உலோகத்தைக் குறிக்கும்போது 'லெட்' என ஒலிக்கும்.

இத்தனைக்கும் அவர் கைப்பேசிச் செயலி ஒன்றின் மூலம் ஓராண்டு ஆங்கிலம் பயின்றவர். "அதில் கேட்கும் பயிற்சியே இல்லையா?" என்றேன். "இருந்தது சார். ஆனால் தொடக்கத்திலேயே சில கேள்விகள் கேட்டு, நான் கண்வழி கற்பவன் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு படமும் எழுத்துமாகவே பாடம் வந்தது. கேட்கும் பாடங்களை நானும் தள்ளிவிட்டேன். காதால் படிப்பது நமக்கு வராது என்று இருந்துவிட்டேன்" என்றார்.

அந்தச் செயலியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மூன்று ஆண்டுகள் அவருக்குப் பாடம் நடத்திய நானும் வகுப்பில் 'ஈயம்' என்று வாயால் சொல்லிவிட்டு, ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியதோடு நின்றுவிட்டேன். ஆயினும், "நீ கண்வழி கற்பவன்" என்று ஒரு கருவி ஒரு மாணவருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கலாமா? அதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா? இக்கேள்வியை இங்கே சற்று ஆராய்வோம்.

கொள்கை என்ன?

மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்பதில் தனித்தனிப் பாணி உண்டு. சிலர் பார்த்துக் கற்பர், சிலர் கேட்டுக் கற்பர், சிலர் செய்து கற்பர். அவரவர் பாணிக்குப் பொருந்தக் கற்பித்தால் கல்வி சிறக்கும் என்பதே இக்கொள்கை. ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் இதைப் பரப்பியவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஜாய் ரீட். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, அவர்களுடைய விருப்பங்களைக் காட்சி, கேள்வி, உடலியக்கம், தொடுதல், குழு, தனிமை என ஆறாக வகுத்து 1987-இல் வெளியிட்டார். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய 'வார்க்' என்னும் வினாத்தாள் இன்னும் பரவலானது. அது காட்சி, கேள்வி, படித்தல்-எழுதுதல், செயல் என நான்கு வகை கூறும். இவை போன்றவை எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஃபிராங்க் காஃபீல்டும் உடன் ஆய்ந்தோரும் பிரிட்டனில் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் 71 வகைப்பாடுகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள்! ஒரே மனிதரை எழுபத்தொரு விதமாகப் பிரிக்கும் அளவுகோல்களைக் கண்டால் இயற்பியல் படித்தவனுக்கு ஐயம் எழுவது இயல்பு.

கரும்பலகையும் சாக்பீசும் மட்டுமே இருந்த காலத்தில் இக்கொள்கையால் பெரிய விளைவு இல்லை. ஐம்பது பேருக்கு ஐம்பது விதமாகப் பாடம் நடத்த எந்த ஆசிரியராலும் இயலாது. கணிப்பொறியும் கைப்பேசியும் வந்த பின்னர் நிலைமை மாறியது. படம், ஒலி, எழுத்து, விளையாட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கருவி தருகிறது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகவும் தருகிறது. ஆசிரியரால் முடியாததைக் கருவி முடித்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் வினவப்பெற்ற ஆசிரியர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இக்கொள்கையை உண்மை என்றே கூறினர்.

எப்படிச் சோதிப்பது?

பலர் நம்புவதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. சோதனைதான் தீர்ப்புக் கூற வேண்டும். இக்கொள்கையைச் சோதிக்கும் முறையை வாசகர்கள் எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

முதலில் மாணவர்களைக் 'கண்வழியினர்', 'செவிவழியினர்' என்று வினாத்தாள் கொண்டு பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்குக் கண்வழிப் பாடமும், மீதிப் பேருக்குச் செவிவழிப் பாடமும் தர வேண்டும். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். முடிவில் அனைவருக்கும் ஒரே தேர்வு. கண்வழியினர் கண்வழிப் பாடத்திலும், செவிவழியினர் செவிவழிப் பாடத்திலும் மிகுதியாகத் தேறினால்தான் கொள்கை வெல்லும். அதாவது, இரு பிரிவினரின் மதிப்பெண்களையும் வரைபடத்தில் இரு கோடுகளாக வரைந்தால் அவை பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். இரு பிரிவினரும் ஒரே பாடத்தில் நன்றாகத் தேறினால், அப்பாடம் எல்லார்க்கும் நல்லது என்றே பொருள். பாணிக்கு அங்கே வேலை இல்லை.

ஹெரால்ட் பாஷ்லர் முதலிய நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்து 2008-இல் தம் முடிவை வெளியிட்டனர். கட்டுரைகள் ஏராளம், ஆனால் இம்முறைப்படி நடத்திய சோதனைகள் மிகச் சில. அவற்றுள்ளும் பல, கொள்கைக்கு மாறான விளைவையே காட்டின. மாணவரின் பாணியை அளந்து அதற்கேற்பக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அவர்கள் முடிவு கூறினர்.

2015-இல் பெத் ரோகாவ்ஸ்கியும் உடன் ஆய்ந்தோரும் படித்த பெரியவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு நூலின் பகுதிகளைச் சிலர் ஒலிநூலாகக் கேட்டனர். சிலர் மின்னூலாகப் படித்தனர். கேட்பதை விரும்பியவர் கேட்டதாலோ, படிப்பதை விரும்பியவர் படித்ததாலோ கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. 2024-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கொள்கைக்குச் சற்றே இடம் தந்தது. பாணிக்குப் பொருந்தக் கற்பித்தோர்க்குச் சராசரியில் சிறு நன்மை தெரிந்தது. ஆனால் மேலே சொன்ன பெருக்கல் குறி வடிவம் அளவீடுகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில்தான் காணப்பட்டது. இவ்வளவு சிறிய, அரிதாகக் கிட்டும் பயனுக்காக இம்முறையை மேற்கொள்வது தகாது என்றே அவ்வாய்வாளரும் கூறினர்.

விருப்பம் வேறு, பயன் வேறு

அப்படியானால் வினாத்தாள்கள் எதைத்தான் அளக்கின்றன? விருப்பத்தை அளக்கின்றன. ஜாய் ரீட் கேட்டதும் 'எப்படிப் படிக்கப் பிடிக்கும்?' என்பதைத்தான். 'எப்படிப் படித்தால் பதியும்?' என்பது வேறு கேள்வி. இனிப்பு யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டு ஊட்டச்சத்தைக் கணக்கிட முடியுமா?

நன்றாகப் பதிகிறது என்று நமக்குத் தோன்றுவதே நம்மை ஏமாற்றும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் நடத்திய சோதனை இதற்கு நல்ல சான்று. ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தனர். சிலர் ஒருமுறை படித்தபின் ஏட்டை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினர். சுகமாக இருந்த வழி, விரைவில் மறக்கும் வழியாக இருந்தது.

"கொள்கை பிழையாகவே இருக்கட்டும், அதனால் பாடத்தில் படமும் பாட்டும் விளையாட்டும் சேர்கின்றனவே, அது நன்மைதானே?" என்று சிலர் கேட்பர். பல்வகையாகக் கற்பிப்பது நன்மைதான். சொல்லோடு பொருத்தமான படத்தையும் சேர்த்துக் காட்டினால் பெரும்பாலோர்க்கு விளங்குகிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் எல்லா வகையும் எல்லா மாணவருக்கும் கிடைக்கும்போதுதான் அந்த நன்மை. பாணிக் கொள்கையை மேற்கொண்ட கருவியோ, ஒரு வகையைத் தந்து மற்றவற்றைக் குறைத்துவிடுகிறது. என் மாணவருக்கு நேர்ந்தது இதுவே.

பொருளுக்கேற்ற புலன்

எந்த வழியில் கற்பிப்பது என்பதைக் கற்கும் பொருள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வரைபடத்தைக் காதால் கற்க முடியாது. ராகத்தைக் கண்ணால் கற்க முடியாது. மொழியில் எழுத்து கண்ணுக்கும், ஒலி காதுக்கும், உச்சரிப்பு நாவுக்கும் உரியவை. இதைத் தமிழர்க்கு நன்கு விளங்கும் ஓர் எடுத்துக்காட்டால் காண்போம்.

குண்டூசிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? பின். குப்பைத்தொட்டிக்கு? அதுவும் பின். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. குளிருக்கு அணிவது கோட், ஆட்டுக்கும் கோட். ஆங்கிலேயருக்கோ இவை வெவ்வேறு ஒலிகள். தமிழில் அவ்வேறுபாடு இல்லாமல் இல்லை. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதற் பகரம் வல்லென்று ஒலிக்கிறது. மகரத்தை அடுத்த பகரம் அதிர்வோடு ஒலிக்கிறது. வருமிடத்தைக் கொண்டே ஒலி தானாக மாறுவதால் நமக்கு அதைக் கவனிக்க வேண்டிய தேவை எழவில்லை.

இவ்வேறுபாட்டை இயற்பியல் அளவாகச் சொல்லலாம். பகரத்தை ஒலிக்கும்போது இதழ்கள் முதலில் மூடித் திறக்கின்றன. அதன் பிறகு குரல்வளையிலுள்ள நாண்கள் அதிரத் தொடங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள காலத்தை லிஸ்கர், ஆப்ரம்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பதினொரு மொழிகளில் அளந்து 1964-இல் வெளியிட்டனர். தமிழும் அவற்றுள் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆங்கிலக் குண்டூசியின் முதலொலிக்கு இந்த இடைவெளி சராசரியாக 58 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. ஆங்கிலக் குப்பைத்தொட்டியின் முதலொலிக்குப் பெரும்பாலும் இடைவெளி ஏறத்தாழ இல்லை. நம் தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் பகரத்துக்கோ மிகக் குறுகிய இடைவெளிதான் உண்டு. ஆகவே நாம் தமிழ்ப் பகரத்தோடு குண்டூசி கேட்டால் ஆங்கிலேயர் காதில் அது குப்பைத்தொட்டியாகப் படக்கூடும்!

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போயர்ஸ்மா, வீனிங்க் இருவரும் உருவாக்கிய 'பிராட்' என்னும் மென்பொருள் இந்த இடைவெளியைக் கணிப்பொறித் திரையில் அலைவடிவமாகக் காட்டும். 'பிராட்' என்றால் டச்சு மொழியில் 'பேசு' என்று பொருள். அது விலையின்றியே கிடைக்கிறது. ஒலி அலைகள் பாடம் நடத்தும்போது என் மாணவர்களைக் கொண்டு இரு சொற்களையும் சொல்லச் செய்து அதில் காட்டுகிறேன். அந்தப் படத்தைப் பார்த்தபின் அவர்களுடைய காது கூர்மையடைவதைக் காண்கிறேன். இங்கே கண்ணுக்குக் காட்டுவது காதைப் பழக்குவதற்காக. இந்த உதவி கண்வழியினர் எனப்படுவோர்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் உள்ள அனைவர்க்கும் உரியது.

வேறுபாடே இல்லையா?

மாணவர்க்கு மாணவர் வேறுபாடே இல்லை என்று நான் கூறவில்லை. முதல் வேறுபாடு தாய்மொழி. ஆங்கிலம் பயிலும் ஜப்பானியர்க்கு ரகர லகர வேறுபாடு பெருந்தொல்லை. தமிழர்க்கு அது பிறவியிலேயே எளிது. நமக்குத் தொல்லை குண்டூசியும் குப்பைத்தொட்டியும். எனவே ஜப்பானியரையும் தமிழரையும் 'செவிவழியினர்' என்று ஒரே கூட்டில் அடைத்து ஒரே பயிற்சி தருவதில் பொருளில்லை.

இரண்டாவது வேறுபாடு முன்னறிவு. ஆயிரம் சொல் அறிந்தவருக்கும் நூறு சொல் அறிந்தவருக்கும் ஒரே பாடம் பொருந்தாது. மூன்றாவது, உடற்குறை. பார்வையற்ற மாணவருக்குத் திரையிலுள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளும், செவித்திறன் குறைந்தவருக்கு எழுத்தில் வரும் உரையும் இன்றியமையாதவை. இவை பாணிகள் அல்ல, தேவைகள். கருவிகள் மாணவருக்கேற்ப மாற வேண்டுமானால் இம்மூன்றையும் கண்டு மாறட்டும்.

கருவியால் ஆகும் நன்மைகள்

கருவியை வாங்கி வைத்தால் மட்டும் கல்வி வளராது என்பதை முன்பே ஒருமுறை உலகம் கண்டிருக்கிறது. 1960-களில் ஒலிநாடாவும் செவிப்பொறியும் கொண்ட மொழி ஆய்வுக்கூடங்கள் மேலை நாட்டுப் பள்ளிகளில் பெருகின. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிரெஞ்சும் ஜெர்மனும் பயின்ற பள்ளி மாணவர்களிடம் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. வாரம் இருமுறை ஆய்வுக்கூடம் சென்றவர்கள், செல்லாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தேறவில்லை. என்ன கருவி என்பதைவிட, அதைக் கொண்டு மாணவர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம். அந்த நோக்கில் சில வழிகளைக் கூறலாம்.

ஒன்று, பல குரல்களைக் கேட்பது. பிசோனி என்ற அமெரிக்க அறிஞரும் குழுவினரும் 1991 முதல் நடத்திய சோதனைகளில் ஜப்பானியரை ரகர லகரச் சொற்களைக் கேட்கப் பழக்கினர். ஒரே குரலைக் கேட்டுப் பழகியவர்கள் புதிய குரல் வந்தபோது தடுமாறினர். பல குரல்களைக் கேட்டுப் பழகியவர்கள் புதிய குரலையும் அடையாளம் கண்டனர். ஆசிரியர் ஒருவரின் குரலால் இது இயலாது; பதிவுக் கருவியால் இயலும்.

இரண்டு, இடைவெளி விட்டு நினைவுகூர்வது. செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் வெளியிட்ட நூலில் ஐந்து அறைகள் கொண்ட ஒரு பெட்டியை விளக்கினார். சொற்களை அட்டைகளில் எழுதி முதல் அறையில் வைக்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின் அறைகளை நாள் கடந்து நாள் கடந்து பார்த்தால் போதும். போலந்தில் 1987-இல் இந்த இடைவெளிகளைக் கணக்கிடும் வேலையைக் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். இன்றைய செயலிகள் பலவற்றில் உள்ள பயனுள்ள பகுதி இதுவே. கைப்பேசி இல்லாதவர் பழைய செருப்புப் பெட்டியில் நான்கு தடுப்பு வைத்தும் இதைச் செய்யலாம்.

மூன்று, தன் குரலைப் பதிந்து கேட்பது. ஒரு வாக்கியத்தைக் கேட்டு, தானும் சொல்லிப் பதிந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. சாதாரணக் கைப்பேசியிலும் இது முடியும். தமிழ்வழி மாணவர் பலர் மற்றவர் முன் ஆங்கிலம் பேசக் கூசுகின்றனர். கேலி செய்யாத கேட்பவராகக் கருவி அமைகிறது.

முடிவாக

ஆங்கிலச் சூழல் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு 'நீ கண்வழி கற்பவன்' என்று ஒரு செயலி சொன்னால் பெரிய இழப்பு இல்லை. அவன் காதுக்கு ஆங்கிலம் வீட்டிலேயே கிடைத்துவிடும். தமிழ்வழிப் பிள்ளைக்கு அந்த வழியை அடைத்தால் வேறு வழி ஏது? எந்த மாணவர்க்குக் கேட்கும் பயிற்சி மிகவும் தேவையோ, அவரே ஆங்கிலத்தைக் கேட்டறியாத காரணத்தால் 'கேட்பது பிடிக்காது' என்று வினாத்தாளில் குறித்துவிடுகிறார். பழக்கமின்மையை இயல்பு என்று கருவி தவறாகப் படிக்கிறது. பிறகு அதையே நிலைநிறுத்தியும் விடுகிறது. இக்கொள்கையிடம் நான் காணும் பெருங்குறை இதுதான்.

எனவே மாணவ நண்பர்களே, எந்தக் கருவியும் உங்களை ஒரு வகைக்குள் அடைத்தால் அதை நம்பிவிடாதீர்கள். கேட்கவும், படிக்கவும், சொல்லவும், எழுதவும் பயிலுங்கள். எது கடினமாக இருக்கிறதோ, அதற்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள்.

நானும் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது கரும்பலகையில் ஆங்கிலக் கலைச்சொல் ஒன்றை எழுதினால் அதை உரக்கச் சொல்கிறேன். வகுப்பையும் திருப்பிச் சொல்லச் செய்கிறேன். இதற்குப் பத்து நொடி ஆகிறது. சென்ற வாரம் கதிரியக்கப் பாடத்தில் முப்பத்தெட்டுக் குரல்கள் ஒன்றாக 'லெட்' என்றன. பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியென்றால் பென்சில் முனைக்கும் இதே பெயர்தானா சார்?" என்று கேட்டாள். அதே பெயர்தான், ஆனால் பென்சிலில் இருப்பது ஈயம் அன்று, கிராஃபைட். அன்றைய பாடத்தின் மீதி நேரம் அந்தக் கேள்விக்கே போதவில்லை.